ஏழாவது விதியில் ஒரு காம்பவுண்டு

கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தாளுக்குத் தலைப்பு ‘ஏற்கத்தக்க பயன்பாட்டுக் கொள்கை’. புது இணைப்பு கேட்டு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏனுங் அம்மிணி, இது எந்தக் கட்சிங்க?” என்று கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் வேலை பார்ப்பது திருப்பூரில் வீடுகளுக்கு பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில். இணைப்பு வாங்குகிறவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று பதினான்கு விதிகளைத் தமிழில் அச்சடித்து, ஆளுக்கு ஒன்று கொடுக்கச் சொல்லி, கோயம்புத்தூரில் இருக்கும் கம்பெனி கட்டுக்கட்டாக அனுப்பியிருந்தது. அந்தத் தமிழை எழுதியது மனிதர்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். ‘தீங்கிழைக்கும் நச்சுநிரல்களைப் பரப்புதல் தவிர்க்கப்படல் வேண்டும்’ என்று ஒரு விதி. அப்படியென்றால் என்னவென்று கேட்ட ஓர் அம்மாவிடம், “வைரஸ் பரப்பக் கூடாதுங்க” என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “எங்க ஊட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. மழையில நனைஞ்சதுல எனக்குத்தான் லேசா இருமல்” என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முன்பு கேபிள் டிவி நடத்தியவர். ஜனங்களோடு பழகிப் பழகி, அவர்களுக்கு எது புரியும், எது புரியாது என்பது அவருக்கு அத்துப்படி. “இந்தத் தாளைப் படிச்சா இருக்கற கஸ்டமரும் ஓடிப்போயிருவாங்க. நீங்களே எழுதிப் போடுங்க அம்மிணி. நம்ம சனத்துக்குப் புரியற மாதிரி இருக்கோணும்” என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு இங்கிலீஷில் மெயில் எழுதுவது, அவர்கள் அனுப்பும் நிபந்தனைகளைத் தமிழாக்கி ஃபேக்டரி சுவரில் ஒட்டுவது, இரண்டும் என் வேலை. இரண்டு மொழியிலும் எனக்கு நிகர் நானே என்ற நினைப்பு அப்போது இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு விதிகளைப் பத்தாகக் குறைத்தேன். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். மோடத்தின் மேல் தண்ணீர் படக் கூடாது. யாரையும் கேவலமாகத் திட்டி எழுதாதீர்கள், அடுத்தவர் போட்டோவை எடுத்துப் போடாதீர்கள். எல்லாம் இப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்வது போல இருந்தது. ஏழாவது விதிதான் கொஞ்சம் படுத்தியது. இங்கிலீஷில் அது, வாடிக்கையாளரின் ‘ப்ரிமிசஸ்’க்குள் மட்டுமே இணைப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று இருந்தது. கம்பெனித் தமிழில் அதற்கு ‘வளாகம்’ என்று போட்டிருந்தார்கள். வளாகம் என்றால் எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீஸ்தான். வீட்டை யாரும் வளாகம் என்று சொல்வதில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். பளிச்சென்று வந்தது. ‘இணைப்பை உங்கள் காம்பவுண்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். காம்பவுண்டைத் தாண்டி வெளியே யாருக்கும் கொடுக்காதீர்கள்’ என்று எழுதினேன்.

முதலாளி படித்துவிட்டு, “சின்னக் கொளந்தைக்குக்கூடப் புரியும்ங்க” என்றார். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை, அத்தனை பெருமை.

என் வீடு தனி வீடு. சுற்றி ஒரு சுவர், அதில் ஒரு கேட். காம்பவுண்டு என்று எழுதும்போது என் மனதில் இருந்தது அந்தச் சுவர்தான். ஆனால் திருப்பூரில் பாதிப் பேருக்குக் காம்பவுண்டு என்றால் அது வேறு. ஒரு கேட்டுக்குள்ளே எதிரெதிராக இரண்டு வரிசை லைன் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரே அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய், துணி துவைக்க ஒரு கல். அதற்குத்தான் காம்பவுண்டு என்று பெயர். “எங்க காம்பவுண்டுல பன்னெண்டு வீடு” என்பார்கள். ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் காம்பவுண்டே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுதும்போது மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து மெயில் வந்தது. எங்கள் இணைப்பு ஒன்றில் முப்பதுக்கும் மேல் போன்கள் ஓடுகின்றன, உள்ளே வருகிற அளவுக்கு வெளியேயும் டேட்டா போகிறது, இணைப்பை வாங்கி யாரோ வெளியே விற்கிறார்கள் என்று சந்தேகம், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். விதிமீறல் உறுதியானால் லைனை வெட்டுவதோடு, அந்தப் பெயருக்கும் முகவரிக்கும் இனி எப்போதும் இணைப்பு கிடையாது.

யாரென்று பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண். முப்பது வயதிருக்கும். அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் எழுதிய நோட்டீஸை என் கண் முன்னாலேயே முழுக்கப் படித்து, இரண்டு மூன்று சந்தேகமும் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவள்தான். அவளா இப்படி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டேன்.

“உங்க லைன்ல முப்பது போன் ஓடுதாமா. யாருக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கீங்க?”

“வெளிய ஒருத்தருக்கும் குடுக்கலக்கா. காம்பவுண்டுக்குள்ளதான்.”

“பாஸ்வேர்டை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே, படிச்சீங்கதான?”

“யார்ட்டயும் சொல்லலக்கா. எல்லார் போனையும் வாங்கி நானே அடிச்சுக் குடுத்தேன்.”

நோட்டீஸ் கவுண்டரிலேயே கிடந்தது. ஏழாவது விதியைப் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண் ஒரு விதியைக்கூட மீறவில்லை. நான் எழுதியதை எழுத்து மாறாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

“அதுக்குக் காசு ஏதாவது வாங்கறீங்களா?”

“ஐயோ, குழாத் தண்ணிக்குக் காசு வாங்குவாங்களாக்கா?” என்றவள், என் குரலில் என்ன கண்டாளோ, தானும் குரலை இறக்கினாள். “எதும் தப்பாப் போச்சாக்கா? லைனக் கட் பண்ணிருவாங்களா? இப்பப் பண்ணிராதீங்கக்கா. என் தங்கச்சி இருக்காள்லா...”

தங்கச்சியும் அதே கம்பெனியில் செக்கிங்தான். பிறவியிலேயே காது கேட்காது, பேசவும் வராது. மதுரைப் பக்கம் அச்சகத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள். அவருக்கும் காது கேட்காது. பெரியவர்கள் உடனே பூ வைத்து நிச்சயம் செய்யக் கிளம்ப, இரண்டு பேரும் சேர்ந்து அதை நிறுத்திவிட்டார்களாம். மூன்று மாதம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும், ஞாயிறு முழுக்கவும் வீடியோவில் கையால் பேசிக்கொள்கிறார்கள்.

“கை தெளிவாத் தெரியணும்லாக்கா. படம் நின்னு நின்னு வந்தா பாதிப் பேச்சு போயிரும். ரெண்டு பக்கமும் பெரிய பெரிய பில்டிங்கு, இங்க போன்ல சிக்னலே நிக்காது. இன்னும் ரெண்டே வாரந்தான் இருக்கு. அவ இன்னும் தலையாட்டல. இப்பப் போயி லைன் இல்லன்னா, அவரு என்ன நெனப்பாரு? பிடிக்காம அவ நிறுத்திட்டான்னுதான?”

வெளியே போகிற டேட்டா எதுவென்று இப்போது புரிந்தது. “பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை கம்பெனியில இருந்து ஒரு சார் வந்து பாத்துட்டுப் போவாரு” என்று மட்டும் சொன்னேன்.

“ஆடிட்டாக்கா?”

“ஆமா, ஆடிட்டு மாதிரிதான்.”

அது என் இரண்டாவது தப்பு. திருப்பூர்த் தொழிலாளியிடம் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஃபேக்டரியைச் சோதிக்க வரும் நாளுக்கு இங்கே ஆடிட் என்று பெயர். அதற்கு முதல் நாளே நடைவழியில் கிடக்கும் துணிக்கட்டெல்லாம் காலியாகும், தீயணைக்கும் மணல் வாளிகளில் மணல் நிறையும், மருந்துப் பெட்டியில் உண்மையாகவே மருந்து இருக்கும். யார் எதைக் கேட்டாலும் விதியை ஒப்பிக்க எல்லாருக்கும் பயிற்சி உண்டு. பயிற்சி கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி காரில் வந்தார். நாற்பது வயதுக்காரர், கையில் டேப்லெட், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. அவர் வருவதற்கு முன்பே முதலாளி என்னைத் தனியாக அழைத்திருந்தார்.

“அம்மிணி, அங்க வந்து நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங்க. அவங்களாப் பண்ணிப்போட்டாங்கன்னு உட்றலாம். நோட்டீசு நாம அடிச்சதுன்னு தெரிஞ்சா ஏஜென்சிய புடுங்கிப்போடுவாங்க. உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல.”

நான் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அந்தக் காம்பவுண்டின் கேட்டைத் திறந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம். வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. செருப்புகள் ஒரே கோட்டில் ஜோடி ஜோடியாக இருந்தன. நடுவில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் மோடம் தொங்கியது. மழை படாமல் அதன் மேல் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்திருந்தார்கள். கம்பத்தின் கீழே சிவப்பு வாளியில் மணல், மேலே ஒரு மருந்துப் பெட்டி. பக்கத்துச் சுவரில் என் நோட்டீஸ், லேமினேஷன் செய்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்து. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கழுத்தில் அவரவர் பனியன் கம்பெனி ஐடி கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒரு பெரியவர் மூக்கை மூடி மாஸ்க்கும் போட்டிருந்தார்.

அதிகாரி முதலில் நின்ற டெய்லரிடம் கேட்டார். “இங்க வைஃபை யாரு யூஸ் பண்றீங்க?”

இல்லை என்று சாதிப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். டெய்லர் விறைப்பாக நின்று, “எல்லாருமுங்க சார்” என்றார்.

“எல்லாருமா?”

“ஆமாங்க சார். பன்னெண்டு ஊடும்.”

அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஒடிசாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள். கேட்பதற்கு முன்பே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். “சார், பாஸ்வேர்டு யார்க்கும் சொல்லக் கூடாது. மோடம் மேல தண்ணி கூடாது. காம்பவுண்டு உள்ள மட்டும். காம்பவுண்டு பாஹர், நஹி.” மற்ற மூவரும் ஒன்றாகத் தலையசைத்தார்கள். மாஸ்க் போட்ட பெரியவர் தன் முறைக்காகக் காத்திருக்கப் பொறுக்காமல் அங்கிருந்தே பத்து விதிகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஏழாவது விதி வந்தபோது காம்பவுண்டே சேர்ந்து சொன்னது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டது போல இருந்தது.

அதிகாரி சுவருக்குப் போய் நோட்டீஸைப் படித்தார். திரும்பி வந்தார். “இது எங்க கம்பெனி நோட்டீஸ் இல்லையே. ஏழாவது பாயிண்ட்டை யார் இப்படி எழுதினது? நீங்களா?” என்று அக்காக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். முதலாளி என் காலை மிதித்தார். நான் யாரையும் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். வரிசையின் கடைசியில், வீட்டு வாசலில் ஒரு ஸ்டூலில், தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் டிரம்மில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். இரண்டு கையும் பறந்துகொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்து, போதும் போதும் என்பது போலக் கையை ஆட்டினாள். அவள் ஆடிட்டைக் கண்டுகொள்ளவே இல்லை.

“நான் எழுதினதுங்க சார்” என்றேன். “இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ப்ரிமிசஸ்ங்கறதுக்கு நான் காம்பவுண்டுன்னு போட்டுட்டேன். இவங்களுக்கு இதுதான் காம்பவுண்டு. நான் எழுதினபடியே நடந்திருக்காங்க. வெட்டறதா இருந்தா என் நோட்டீஸை வெட்டுங்க, லைனை வெட்டாதீங்க.” வெளியே போகிற டேட்டா எது என்பதையும் கை நீட்டிக் காட்டிச் சொன்னேன்.

முதலாளி வானத்தைப் பார்த்தார். அதிகாரி தங்கச்சியை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு மணல் வாளியை, பிறகு பெயிண்ட் வாளியை. அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அந்த முகத்தில் அத்தனை சிரிப்பு இருந்ததென்று அவர் வீட்டாருக்காவது தெரியுமோ என்னவோ.

“எத்தனையோ வருஷமா இன்ஸ்பெக்‌ஷன் போறேன். விதியைப் படிச்ச கஸ்டமரை இன்னிக்குத்தாங்க பார்க்கறேன்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான். நோட்டீஸ் எழுதியவரின் தவறு, வாடிக்கையாளரின் தவறு இல்லை என்று டேப்லெட்டில் பதிந்து, நோட்டீஸைத் திருத்தச் சொல்லி ஏஜென்சியை எச்சரிக்கையோடு விட்டார். ஒரு மாதத்துக்குள் வேண்டிய வீட்டுக்காரர்கள் தனித்தனியாக இணைப்பு எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவரை இது ஓடலாம் என்றார். புறப்படும்போது ஸ்டூலுக்கு அருகே போய், போனுக்கு முன்னால் குனிந்து மதுரைக்காரருக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தக் காம்பவுண்டிலிருந்து ஏழு வீட்டுக்காரர்கள் புது இணைப்புக்கு வந்து நின்றதும், “அம்மிணிக்கு டீ சொல்லுங்கப்பா” என்றார்.

நோட்டீஸைத் திருத்தி எழுதினேன். ஏழாவது விதி, ‘உங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே மட்டும்’ என்று ஆனது. இந்த முறை நான்கு பேரிடம் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். அதையே இணைப்புப் படிவமாக்கி, அடியில் உறுதிமொழி ஒன்றும் புதிதாகச் சேர்த்தேன். ‘மேலே கண்ட விதிகளைப் படித்தும் படிக்கக் கேட்டும் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துக்கு இடம்.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்த கையோடு அக்காவும் தங்கச்சியும் வந்தார்கள். அக்காக்காரியின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“தலையாட்டிட்டாக்கா!” என்றாள். “அவரும் சரின்னுட்டாரு. ஆனா இவ ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. கல்யாணம் வரைக்கும் பேசணும்லா, இனி லைன் இவ பேர்லதான் இருக்கணுமாம்.”

எழுந்துபோய்த் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கையால் வாழ்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவளுக்கு அது புரிந்தது. படிவத்தை எடுத்து முன்னால் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

அவள் உடனே போடவில்லை. பத்தாம் வகுப்புவரை படித்தவள். முதல் வரியிலிருந்து விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். உறுதிமொழிக்கு வந்ததும் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால், அதற்கு நேராகச் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சரிசெய்யச் சொல்லித் தைத்தவருக்கே திருப்பி அனுப்புவார்கள். அவள் ஐடி கார்டின் பின்பக்கம் அந்த ஸ்டிக்கர்கள் நாலைந்து ஒட்டியிருந்தன. ஒன்றை உரித்தாள். ‘படிக்கக் கேட்டும்’ என்ற இடத்துக்கு நேராக ஒட்டினாள். படிவத்தை என் பக்கமாகத் திருப்பித் தள்ளினாள்.

நான் பேனாவை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் அடித்தேன். மேலே ‘பார்த்தும்’ என்று எழுதித் திருப்பி வைத்தேன். அவள் குனிந்து ஒருமுறை படித்தாள். ஸ்டிக்கரை உரித்து எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டாள்.